ராணியைத் திருடியவன் குட்டிகளை ஏன் விட்டான்?

ஐந்தாம் அத்தியாயம்

செத்துப்போன இரண்டு குட்டிகளையும் நோரா டீச்சர் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தாள். மூடி சரியாக மூடவில்லை. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று வேம்பு எவ்வளவோ கட்டுப்படுத்திப் பார்த்தான். பாழும் கண் அங்கேதான் போய் நின்றது.

துப்பறியும் பிலிப்பிடம் உதவியாளாகச் சேர்ந்த மூன்று வருஷத்தில் அவன் எத்தனையோ பிணங்களைப் பார்த்தாயிற்று. ராயப்பேட்டையில் கிணற்றிலிருந்து எடுத்த பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றவன் என்று அவனுக்கு ஒரு பேர்கூட உண்டு. அப்பேர்ப்பட்டவனுக்கு உள்ளங்கை அளவு நாய்க்குட்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை. சே, இதென்ன கண்றாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தான்.

1936, ஆவணி மாதம், காலை ஒன்பது மணி. சாந்தோமில் ஒரு சந்துக்குள் இருந்த டீச்சர் வீட்டுச் சமையலறை. அடுப்போரமாக ஒரு மரப்பெட்டி, அதில் பழைய கம்பளி, கம்பளிமேல் இன்னும் உயிரோடிருந்த ஐந்து புல்டாக் குட்டிகள். பிறந்து பன்னிரண்டு நாள். கண் இப்போதுதான் கீறல் விட்டிருந்தது. டீச்சர் பேனாவுக்கு மசி போடும் ஃபில்லரில் ஆட்டுப்பாலை உறிஞ்சி, ஒவ்வொன்றின் வாயிலும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து மத்தியானம் ஸ்கூல்லேர்ந்து வந்து பார்க்கிறேன், ராணியைக் காணோம்" என்றாள். "சங்கிலியோட கொண்டு போயிட்டாங்க. சாயந்திரத்துக்குள்ள அவ வந்தாகணும், சார். தாய்ப்பால் இல்லாம இதுல ஒண்ணுகூடத் தங்காது."

"குரைச்ச சத்தம் யாருக்காவது கேட்டுச்சா?" என்றார் பிலிப்.

"இல்லை. தெரியாத ஆளைக் கண்டா தெருவையே ரெண்டு பண்ணிடுவா. ஆனா குட்டிக்குச் சொல்லி வெச்சிருக்கிற ஏழு வீட்டுக்காரங்களும் வந்து வந்து அவகிட்டப் பழகினவங்கதான்."

"குட்டி என்ன விலை?"

"நூத்தம்பது ரூபாய்."

"ராணி?"

டீச்சர் தலையை ஆட்டினாள். "அவளுக்கு ஆறு வயசு. இதுதான் கடைசி ஈத்து. அவளைக் காசு குடுத்து யாரும் வாங்க மாட்டாங்க."

வேம்புவால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "நகைப்பெட்டிய ஆத்துலயே வச்சுட்டுப் பூட்டை மட்டும் திருடிண்டு போயிருக்கான். இப்படி ஒரு அசட்டுத் திருடனை நான் பாத்ததே இல்லை, சார்."

"அசடா?" என்று சிரித்தார் பிலிப். "நாம அசடா அவன் அசடான்னு சாயந்திரம் சொல்றேன்."

டீச்சருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த கம்பவுண்டர் வேலு அடுத்த வேளைப் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தான். குதிரை டாக்டர் ஒருவரிடம் வேலை பார்த்து நின்றவன். டீச்சர் வீட்டு நாய்களுக்கு ஆறு வருஷமாக மருந்து கொடுப்பவன். வாய் காலி. அதை அசைபோடுவதுபோல் மென்றுகொண்டே வேம்புவின் வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தான்.

"சாமி, ரெண்டு பாக்கு வெட்டிக் குடு சாமி. நம்ம பாக்குவெட்டி எங்கியோ பூட்ச்சு. நேத்துலேர்ந்து வாய் நமநமன்னு கீது."

வேம்பு தன்னுடைய பாக்குவெட்டியால் டக், டக் என்று நாலு துண்டு வெட்டிக் கொடுத்தான். வேலு கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"ராவு முழுக்க ஒரே கத்தல்" என்றான் வேலு. "விடிகாலம் நான் வந்து பால் கலந்துகினு குட்தப்பறம்தான் அடங்கிச்சு."

"வேலு மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோ" என்றாள் டீச்சர். "பால் கலக்கிறது அவன், ஊட்டுறது நான். என் கையை விட்டா வேற யார் தொட்டாலும் வாயைத் திறக்க மாட்டேங்குது. பாருங்க, இப்ப எவ்வளவு சமத்தாத் தூங்குது."

ஐந்து குட்டிகளும் சத்தம் போடாமல் கிடந்தன. வேம்புகூட அப்பாடா என்று நினைத்தான். அந்த நினைப்புக்காக அவன் பிற்பாடு தன் தலையில் தானே அடித்துக்கொண்டான்.

சுவரில் டீச்சர் கைப்பட எழுதிய ஒரு தாள் தொங்கியது. குட்டி கேட்டு வரும் எல்லோருக்கும் அவள் இதில் ஒரு நகல் கொடுப்பாளாம். எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். தாயைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். குட்டி ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். கடைசி வரியை பிலிப் வாய்விட்டே படித்தார். "நல்லவரானால், நீங்கள் கேட்பதைவிட அதிகமாக அவர் உங்களைக் கேள்வி கேட்பார்."

பிறகு மெதுவாகத் திரும்பினார். "டீச்சர், நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. குட்டியை விட்டுட்டுத் தாயை மட்டும் எடுத்தவன் யாரா இருப்பான்? கையில குட்டி இருக்கு, காட்டுறதுக்குத் தாய் இல்லை. அவன்தான். தாயைக் காட்டுன்னு கேக்கறதுக்கு இந்த ஊருக்குக் கத்துக் குடுத்தது யாரு?"

டீச்சரின் கையில் ஃபில்லர் நின்றது. "நான்" என்றாள்.

"குட்டிக்குச் சொல்லி வெச்சவங்க பட்டியல்ல முதல் பேர் யாரு?"

"அட்வகேட் சுவாமிநாதன். மாம்பலம், தியாகராய நகர்ல புதுசா வீடு கட்டியிருக்கார்."

*

அட்வகேட் சுவாமிநாதன் ஜரிகைத் தலைப்பாகையோடு மோட்டாரில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"நாய் விஷயமா?" என்றார். "அடையாறுக்குத்தான் கிளம்பிண்டிருக்கேன். வாரும், ஏறும். நீரும் கூட இருந்து பாத்துச் சொன்னா நல்லதுதான். போலி நாயா வாங்கிட்டா என் மானம் கப்பலேறிடும்."

டிரைவர் குலாம் முகம்மது வண்டியைக் கிளப்பினான். போகிற வழியெல்லாம் அட்வகேட்டே பேசினார். செக்ரடேரியட்டில் ஒரு துரை இருக்கிறாராம். துரைக்கு புல்டாக் என்றால் உயிராம். புது வருஷத்துப் பட்டங்களின் பட்டியல் துரையின் மேஜைமேல் இருக்கிறதாம். ஒரு குட்டியைக் கொண்டுபோய் நீட்டினால் ராவ் பகதூர் நிச்சயமாம்.

"உங்களுக்கு நாய்னா பிரியமோ?" என்று வேம்பு கேட்டான்.

"எனக்கா? தொட்டா ஸ்நானம் பண்ணணும் ஓய்."

"நோரா டீச்சர்கிட்டச் சொல்லி வெச்சிருந்தீங்களே?" என்றார் பிலிப்.

"அதையேன் கேக்கறேள்! பாவம், அங்கே ஏழு குட்டியும் போயிடுத்தாம். காலம்பற ஏழு மணிக்கு ஒருத்தன் ஆத்துக்கே வந்து சொல்லிட்டு, அடையாறுல வால்டர்னு ஒருத்தர்கிட்ட எட்டு வாரக் குட்டி இருக்கு, தாயையும் பாக்கலாம்னு விலாசமும் குடுத்துட்டுப் போனான்."

"ஏழும் போச்சுன்னா சொன்னான்?"

"ஏழும்."

பிலிப்பின் புருவம் ஒரு தடவை ஏறி இறங்கியது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஐந்து குட்டிகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வியாபாரி என்றால் வாய் கூசாமல் புளுகத்தான் செய்வான் என்று விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த தப்புகளில் அதுதான் பெரிசு என்று வேம்பு இன்றைக்கும் சொல்வான்.

*

அடையாற்றில் தோப்புக்குள் ஒரு வாடகை பங்களா. வால்டர் வெள்ளை ட்ரில் சூட்டில், வாயில் சுருட்டோடு படியிறங்கி வந்தான். பல் ஒவ்வொன்றும் வெள்ளைவெளேரென்று இருந்தது. அட்வகேட்டின் மச்சினர்கள் என்று பிலிப்பும் வேம்புவும் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். வேம்புவின் குடுமிக்கும் பிலிப்பின் கிராப்புக்கும் என்ன உறவு என்று வால்டர் கேட்கவில்லை.

பின்கட்டு அறையில் நாலு குட்டிகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. சப்பை மூக்கு, சுருங்கிய முகம். எதிர் மூலையில், காலில் சங்கிலியும் வாயில் தோல்பட்டையுமாக ராணி. வேம்பு அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனாலும் டீச்சர் சொன்ன அடையாளம், இடது காதில் வெள்ளைத் திட்டு, பளிச்சென்று இருந்தது.

அட்வகேட் டீச்சருடைய தாளை மடியிலிருந்து எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எத்தனை வாரம்?"

"எட்டு வாரம் முடிஞ்சு ரெண்டு நாள், சார்."

"தாய்?"

"அதோ நிக்கிறா. அந்நியரைக் கடிப்பா, அதான் பட்டை."

"நாளைக்கு ஒத்துவரலேன்னா?"

"எந்த வயசிலும் திருப்பி எடுத்துக்குவேன். எழுதியே தரேன்."

பிலிப் வேம்புவின் காதில் கிசுகிசுத்தார். "கேள்வித்தாள் முதல் நாளே கைக்குக் கிடைச்ச பையன் மாதிரி எழுதறான் பாரு. ஆனா கடைசி வரிக்கு அவன்கிட்ட விடை இல்லை. எங்க வளர்ப்பீங்க, யார் பார்த்துப்பாங்க, வெயில் தாங்குமா, ஒண்ணாவது கேட்டானா?"

"அது போகட்டும், சார். அந்தக் கண்றாவியப் பாருங்கோ."

ராணியின் மடி கல்லாகக் கட்டிப்போய், பால் தானாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. நாலு குட்டிகள் அதே அறையில் பட்டினியோடு கிடந்தன. ஒன்றாவது அவள் பக்கம் போகவில்லை. குட்டி மோந்துகூடப் பார்க்காத மடி அது.

வேம்புவுக்கு மனசு தாறுமாறானால் கை வெற்றிலைப் பெட்டிக்குப் போய்விடும். பெட்டியைத் திறந்தான். பாக்கை வைத்து அழுத்தினான். டக்.

நாலு குட்டிகளும் வீறிட்டன. அப்படி ஓர் அலறலை வேம்பு மனுஷக் குழந்தையிடம்கூடக் கேட்டதில்லை. ஒன்று நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிற்று. மற்ற மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, முகத்தை மட்டும் சுவரோடு சேர்த்து ஒளித்துக்கொண்டன. உடம்பு முழுக்க வெளியே தெரிந்தது. மூக்கு மட்டும்தான் பத்திரமாக இருக்கவேண்டும் போலிருந்தது அவற்றுக்கு.

வேம்பு கையிலிருந்த பாக்குவெட்டியைப் பார்த்தான். இரண்டு இரும்புப் பிடிகள். நடுவில் ஒரு குட்டியின் மூக்கு நுழையும் அளவுக்கு இடைவெளி. 

"அடப்பாவி" என்றான். "தெருநாய்க் குட்டிய மூக்கை நசுக்கி நசுக்கி புல்டாக் ஆக்கியிருக்கியேடா!"

பிலிப் அதற்குள் மூலையில் கிடந்த கோணியை உதறிவிட்டார். டங்கென்று ஒரு பழைய பாக்குவெட்டி விழுந்தது. ஒரு பிடியில் சுண்ணாம்புக் கறை. இரண்டு பிடிக்கும் நடுவில் காய்ந்த ரத்தமும் செம்பட்டை மயிரும்.

"மிஸ்டர் வால்டர், உங்களுக்கு வெத்தலை பழக்கம் உண்டா?"

"சீ" என்றான் வால்டர். அவன் பல்லே சாட்சி.

"அப்ப இது யாருது? யார்கிட்டயோ இரவல் வாங்கியிருக்கான் போல, வேம்பு."

"இரவலா! வெத்தலை போடறவன் பாக்குவெட்டிய இரவல் குடுப்பானா, சார்? என் ஆம்படையா கேட்டாக்கூட நான் குடுக்க மாட்டேன். இதை இங்கே மறந்து வச்சுட்டுப் போனவன் நேத்துலேர்ந்து தவிச்சுப் போயிருப்பான். இன்னிக்குக் காலம்பற எவன்கிட்டயாவது கையேந்தி நாலு துண்டு பாக்கு..."

வேம்பு பாதியில் நிறுத்தினான். அந்த நாலு துண்டை வெட்டிக் கொடுத்தது அவனேதான்.

வால்டர் சுருட்டைத் தட்டிவிட்டுச் சிரித்தான். ஓடக்கூட இல்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களா? சரி. நாயைக் கூட்டிட்டுப் போங்க. நாய் திருடினதுக்கு என்ன போடுவாங்க, மூணு மாசமா? அந்தம்மா வீட்டுல குட்டி இருக்கிற வரைக்கும் அந்த ஏழு வீட்டுல ஒருத்தன் என் வாசல் மிதிப்பானா? மத்தியானத்துக்கு மேல அங்க ஒண்ணும் இருக்காது. காலையிலேயே ஏழு வீட்டுக்கும் சொல்லி அனுப்பியாச்சு, தெரியுமில்ல?"

"ஏழும் போச்சு" என்று முணுமுணுத்தார் பிலிப். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "வேம்பு, பசிச்ச குட்டி கத்தணும். காலையில அந்த அஞ்சும் ஏன் கத்தலை?"

*

வால்டரைத் தூணில் கட்டித் பக்கத்து பங்களாத் தோட்டக்காரனைக் கூப்பிட்டுக் காவல் வைத்துவிட்டு, அடையாறு பாலத்தின்மேல் குலாம் முகம்மது பறந்த பறப்பில் அட்வகேட்டின் ஜரிகைத் தலைப்பாகை காற்றோடு போயிற்று. அதற்காக யாரும் வண்டியை நிறுத்தவில்லை. ராணி பின்சீட்டில் வேம்புவின் மடியில் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தாள். அவள் பால் வேம்புவின் வேஷ்டியெல்லாம் நனைத்தது. நாலு குட்டிகளும் காலடியில் ஒரு கூடையில் இருந்தன. வேம்பு தன் பாக்குவெட்டியை எங்கே எறிந்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை.

சமையலறை வாசலில் டீச்சர் உதட்டில் விரலை வைத்தாள். முகத்தில் இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு.

"மெதுவா வாங்க. இப்பதான் எல்லாம் வயிறு நிறைஞ்சு தூங்குது."

பிலிப் பெட்டியைப் பார்க்கவில்லை. நேராக, பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்த வேலுவிடம் போனார். பாத்திரத்தின் அடியில் இரண்டு வாய்ப் பால் மிச்சமிருந்தது. அதை ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"காலையிலேர்ந்து மாஞ்சு மாஞ்சு வேலை பார்த்திருக்கே. குடி, வேலு."

"எனுக்கு ஆட்டுப்பால் ஆவாதுங்கோ."

"ஒரு வாய்."

"வோணாங்கோ, சார்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே, பரிவாகவே சொன்னாள். "குடியேன் வேலு. காலையிலேர்ந்து நீயும் ஒண்ணும் சாப்பிடலியே. நல்ல பால்தானே?"

வேலு தம்ளரைப் பார்த்தான். பின்வாசலைப் பார்த்தான். பின்வாசலில் குலாம் முகம்மது கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சில விநாடிகளில் டீச்சரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்ததை வேம்பு பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

"என்ன போட்டே?" என்றாள்.

"அபின்தாம்மா. ரவைதான். நோவே தெரியாதும்மா, அப்டியே தூங்கிடும். கொயந்தைங்களுக்கே குடுக்கறாங்களே. ராணியையும் இட்டாந்து குட்தா வால்டர் தொரை ஒரு வேல போட்டுத் தரேன்னாரு. ஆறு வருசமா நான் உங்க நாய்ங்களுக்கு எவ்ளோ செஞ்சிருக்கேன், இன்னிக்கு ஒரு நாளு..."

"இன்னிக்கு நீ ஒண்ணும் செய்யலே" என்றாள் டீச்சர். கையிலிருந்த ஃபில்லரைப் பார்த்தாள். "அஞ்சுக்கும் நான்தான் குடுத்தேன். என் கைன்னா வாயைத் திறந்தது."

அவசரத்தில் அவிழ்க்காமல் விட்ட ராணியின் வாய்ப்பட்டையை வேம்பு அறுத்துவிட்டான். அவள் ஓடவில்லை. கிழவி மாதிரி அசைந்து அசைந்து பெட்டியிடம் போனாள். ஒன்றைக் கவ்வி வெளியே வைத்தாள். நக்கினாள், புரட்டினாள், மறுபடி நக்கினாள். விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். நாலு குட்டிகளை அப்படி வரிசையாகத் தரையில் வைத்தாள். நாலும் குளிர்ந்து போயிருந்தன. ஐந்தாவதை அவள் விடவே இல்லை. முதுகை, வயிற்றை, வாயை, மூக்கை என்று தோல் உரிந்துவிடுமோ என்கிற மாதிரி நக்கிக்கொண்டே இருந்தாள். டீச்சர் தரையில் முட்டிபோட்டு, நாய்க்குச் சமமாக முகத்தைத் தாழ்த்தினாள்.

"கத்துடா" என்றாள். "என் ராஜா இல்ல, கத்து. வீடே இடிஞ்சு விழட்டும், கத்துடா."

வேம்பு தனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டு, தெரியாத மாதாவையும் ஒரு தடவை கூப்பிட்டான். ராணியின் நாக்குக்கு அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு கீச்சுக்குரல் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

 வேலுவின் கையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த குலாம் முகம்மது கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோளை உயர்த்தினான். அப்போதுதான் வாசலிலிருந்து அட்வகேட் சுவாமிநாதன் எட்டிப்பார்த்தார். தலைப்பாகை இல்லாமல் அவர் தலை சின்னதாக இருந்தது.

"ஒண்ணு பிழைச்சுடுத்தா? பேஷ், பேஷ்! டீச்சர், பட்டியல்ல முதல் பேர் என்னோடதாக்கும். மறந்துடப்படாது."

வேம்புவுக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கில் வந்து நின்றதை அச்சில் போட முடியாது. பிலிப் அவன் கையைப் பிடித்து அழுத்தினார்.

டீச்சர் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தினாள். குரலில் அழுகை இல்லை. வகுப்பில் பையனை எழுப்பி நிறுத்துகிற குரல்.

"தரேன், சார். அதுக்கு முன்னாடி, நான் குட்டி குடுக்கிற எல்லார்கிட்டயும் கேக்கிற முதல் கேள்வி. நாய் எதுக்காக வாங்கறீங்க?"

அட்வகேட் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு பிலிப்பைப் பார்த்தார், வேம்புவைப் பார்த்தார். மாம்பலத்திலிருந்து அடையாறு வரைக்கும் அவர் சொன்னதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குட்டி கத்திக்கொண்டே இருந்தது.